புரொப்பல்லர் ஷாஃப்டில் துருப்பிடித்து இறுகிய நட்டைக் கழற்றுவது எப்படி?

டெல்டாவில் ஓடும் வண்டிகளுக்கு முதலில் கெடுவது அடிப்பாகம்தான். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்துவிட்டால் டிராக்டர் அச்சு வரை சேற்றில் இறங்கும். நாற்றும் உரமும் ஏற்றும் லோடு வண்டி வாய்க்கால் கரையில் ஊர்ந்து போகும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போனால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். உப்பளத்து லோடு, இறால் குட்டைத் தண்ணீர் ஏற்றும் வண்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உர மூட்டையிலிருந்து சிந்தும் பொட்டாஷும் உப்பு வகைதான். ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும்.

இப்படி ஓடிய வண்டியில் கிராஸ் (ஷாஃப்டின் முனையில் இருக்கும் சிலுவை வடிவ மூட்டு) மாற்ற வேண்டும் என்று அடியில் படுத்தால், புரொப்பல்லர் ஷாஃப்டை (கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு) டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) ஃபிளேஞ்சோடு (போல்ட் துளைகள் உள்ள வட்டத் தகடு) பிடித்திருக்கும் நாலு நட்டில் ஒன்றாவது அசையாது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் அங்கேதான் அவசரப்பட்டு பைப்பைப் போட்டு இழுக்கிறார்கள். நட்டின் மூலை மழுங்கிவிடுகிறது, இல்லையென்றால் போல்ட் அறுந்துவிடுகிறது. பாதி மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகிறது.

நட் ஏன் இறுகுகிறது என்று தெரிந்தால் கை தானாக நிதானப்படும். இரும்பு துருவாக மாறும்போது இடம் அதிகம் கேட்கும். இருந்த இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கும். மரைக்கும் மரைக்கும் நடுவில் தலைமுடி அளவுகூட இடைவெளி இல்லாத இடத்தில் அந்தத் துரு ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்துகொள்கிறது. பலத்தால் இழுக்கும்போது அந்த ஆப்பு மொத்தத்தையும் ஒரே நேரத்தில் உடைக்கப் பார்க்கிறோம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியாக்கி வெளியே கொண்டுவருவதுதான் சரியான முறை. கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

வண்டியை முதலில் கட்டுங்கள்

புரொப்பல்லர் ஷாஃப்ட் கழன்ற நொடியிலிருந்து கியர் வண்டியைப் பிடிக்காது. சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் டிரம் கியர்பாக்ஸின் பின்னால் இருக்கும். அதிலும் ஷாஃப்ட் கழன்றால் ஹேண்ட் பிரேக்கால் பயனில்லை. அதனால் முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும்.

நம் ஊர்க் களிமண்ணில் ஜாக்கி நிற்காது. மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கும், பாரம் ஏற ஏற ஜாக்கி புதையும். ஓரடிச் சதுரத்தில் இரண்டு இன்ச் கனமான பலகையை அடியில் போடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும், அதற்கு அடியிலும் பலகை வேண்டும். வரப்பு ஓரத்திலோ வாய்க்கால் கரைச் சரிவிலோ இந்த வேலையைத் தொடவே கூடாது. பலமாக இழுக்கிற வேலை இது; வண்டி ஆடும்.

நட்டைப் படியுங்கள்

ஸ்பேனரைத் தொடும் முன் வயர் பிரஷ்ஷால் நட்டையும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் மரையையும் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். வெளியே நீட்டும் மரையில் ஒட்டியிருக்கும் துருவும் சேறும் கழற்றும்போது நட்டுக்குள் போய்த்தான் இரண்டாவது முறை இறுக்குகின்றன. பாதியில் வந்து நிற்கும் நட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சுத்தம் செய்தபின் நாலு விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, பூட்டு. காட்டர் பின் (குறுக்கே நுழைத்து மடக்கிய கம்பி) இருக்கிறதா, நட்டின் பக்கவாட்டில் மடித்துவிட்ட லாக் வாஷர் இருக்கிறதா, நட்டின் விளிம்பைக் குத்தித் தண்டின் பள்ளத்தில் இறக்கியிருக்கிறார்களா? டிஃபரன்ஷியல் பினியன் (உள்ளே போகும் சிறு பல்சக்கரத் தண்டு) நட்டிலும் அச்சு நட்டிலும் இந்தக் குத்து அடிக்கடி இருக்கும். சேறு மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய உளியால் அதை நிமிர்த்தாமல் திருப்பினால் அந்தக் குத்து தண்டின் மரையை உழுதுகொண்டே வரும்.

இரண்டாவது, நைலாக் நட்டா என்பது. உள்ளே பிளாஸ்டிக் வளையம் இருக்கும் நட் கடைசிவரை இறுக்கமாகத்தான் வரும். அதைத் துரு என்று நினைத்து அடிக்க வேண்டாம்.

மூன்றாவது, மரை எந்தப் பக்கம் என்பது. நீட்டியிருக்கும் மரையைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வரிகள் வலப்பக்கம் மேலேறினால் சாதாரண மரை, இடப்பக்கம் ஏறினால் இடது மரை. பழைய லாரிகளின் இடப்பக்கச் சக்கர ஸ்டட்டுகளில் (தலையில்லாத போல்ட்) இடது மரை உண்டு. புரொப்பல்லர் ஷாஃப்ட் ஃபிளேஞ்சில் சாதாரண மரைதான் வரும். ஆனால் அடியில் மல்லாந்து படுத்து, நட்டைப் பின்பக்கமிருந்து பார்க்கும்போது திசை குழம்பும். நட்டின் முகத்துக்கு நேராக இருந்து பார்ப்பதாக நினைத்து, கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்புங்கள். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பது புதியவர்களிடம் சாதாரணமாக நடப்பது.

நாலாவது, போல்ட் தலையில் இருக்கும் எண். 8.8 அல்லது 10.9 என்று இருக்கும், போல்ட்டின் பலத்தைச் சொல்லும் எண் அது. புதிது வாங்கும்போது இது வேண்டும், குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே ஷாஃப்ட் ஃபிளேஞ்சிலும் டிஃபரன்ஷியல் ஃபிளேஞ்சிலும் சேர்த்து ஒரே நேர்க்கோடாகப் பெயின்ட் குறி போட்டுவிடுங்கள். திருப்பி மாட்டும்போது அதே இடத்தில் உட்கார வேண்டும், மாறினால் வண்டி ஓட்டத்தில் அதிரும்.

எண்ணெய், அதற்கான நேரம்

துருவுக்குள் இறங்கும் எண்ணெய் தண்ணீர்போல் இருக்க வேண்டும். எஞ்சின் ஆயில் கனமானது, மேலேயே நிற்கும். டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரே கிடைத்தால் நல்லது. பட்டறைகளில் அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் சரிபாதி கலந்து வைத்துக்கொள்வார்கள். நன்றாகவே இறங்கும், ஆனால் இரண்டும் பிரிந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும், பீடி சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது. ரப்பர் சீல் மேலும் பெயின்ட் மேலும் படக்கூடாது. எதுவும் இல்லையென்றால் டீசல் போதும், நேரம்தான் கூடுதலாகும்.

முந்தின நாள் சாயங்காலமே ஊற்றிவிடுவது சிறந்தது. நட்டும் ஃபிளேஞ்சும் சேரும் இடம், போல்ட் மரை நட்டுக்குள் நுழையும் இடம், இரண்டு பக்கமும் விட வேண்டும். நட் மேல்நோக்கி இருந்தால் அதைச் சுற்றிக் களிமண்ணால் சின்ன வரப்பு கட்டி எண்ணெயைத் தேக்கி வைக்கலாம். ராத்திரி முழுக்க ஊறும். பக்கவாட்டில் இருந்தால் பழைய துணியை நனைத்துச் சுற்றிக் கட்டுங்கள். அவசரம் என்றால்கூட கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மூன்று நாலு தடவை விட்டபின்தான் ஸ்பேனர்.

எண்ணெய் மட்டும் போதாது. அதிர்ச்சி கொடுத்தால்தான் துருவில் மெல்லிய விரிசல் விழும், அந்த வழியாக எண்ணெய் இறங்கும். ஒரு கனமான சுத்தியலை நட்டின் ஒரு பக்கத்தில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தை இன்னொரு சுத்தியலால் அடியுங்கள். நட்டின் ஆறு பக்கத்தையும் இப்படிச் சுற்றிவர வேண்டும். அடி சுருக்கென்று இருக்கட்டும், நட்டை நசுக்குகிற அளவுக்கு வேண்டாம். போல்ட்டின் மரை முனையில் நேராக அடிக்காதீர்கள், முனை காளான்போல் விரிந்துவிட்டால் நட் வெளியே வராது.

ஸ்பேனர் போடும்போது

ஆறு மூலை சாக்கெட் மட்டும். பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பேனர் நட்டின் மூலையில் மட்டும் பிடிக்கும். துரு தின்று சற்றே சிறுத்த நட்டில் அது வழுக்கும். ஓபன் ஸ்பேனரும் ஸ்க்ரூ ஸ்பேனரும் இந்த வேலைக்கு இல்லை. எம் 10 (10 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுக்கு 17 மி.மீ., எம் 12-க்கு 19 என்பது பழைய வழக்கம். இப்போது வரும் பல வண்டிகளில் 14, 16, 17, 18 என்று மாறி வருகிறது. போட்டுப் பார்த்து ஆட்டம் இல்லாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். ஆட்டம் இருந்தால் அடுத்த சிறிய அளவைச் சுத்தியலால் தட்டி ஏற்றலாம். ராட்செட்டை இந்த இடத்தில் எடுக்காதீர்கள், உள்ளே பல் போய்விடும். சாக்கெட்டில் நுழையும் சதுரம் அரை இன்ச் உள்ள நீளமான கைப்பிடிதான் வேண்டும். ஏர் கன் (காற்றழுத்தத்தில் நட்டைத் திருப்பும் கருவி) இருந்தால் கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட். பளபளக்கும் குரோம் சாக்கெட் வெடித்துச் சில்லு கண்ணில் பாயும்.

எதிர்ப்பக்கம் போல்ட் தலையை இன்னொரு ஸ்பேனரால் பிடியுங்கள். ஷாஃப்ட் சுற்றாமல் இருக்க, 40 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனமுள்ள பட்டையில் ஃபிளேஞ்ச் துளைகளுக்கு ஏற்ப இரண்டு ஓட்டை போட்டு ஒரு நீளப் பிடி செய்துவைத்தால் வருடக்கணக்கில் உதவும். எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்துகொடுப்பார்கள். கிராஸின் இடுக்கில் கம்பியைக் கொடுத்து நிறுத்துவது கெட்ட பழக்கம். கிராஸ் கப்பும் சீலும் அடிபடும்.

இப்போது முதல் திருப்பு. கழற்றுகிற பக்கம் இல்லை, இறுக்குகிற பக்கம். மிக லேசாக, ஒரு முடி அளவு. துரு உடைவதற்கு எந்தப் பக்கம் அசைந்தாலும் போதும், இறுக்குகிற பக்கம் முதலில் அசையும் நட்டுகள் நிறைய உண்டு. அதன்பின் கழற்றுகிற பக்கம். அசைந்ததும் மேலே மேலே இழுக்காதீர்கள். கால் சுற்று கழற்றி, பாதியைத் திருப்பி இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கால் சுற்று. பொடியான துரு எண்ணெயோடு கறுப்பாக வெளியே வரும். வரவர நட் இலகுவாகும்.

கையில் என்ன உணர்கிறீர்கள் என்பதைக் கவனிப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம். 'டக்' என்று கூர்மையாகச் சத்தம் கேட்டுச் சற்றே நகர்ந்தால் துரு விட்டது, நல்ல செய்தி. சத்தமே இல்லாமல் ரப்பரை முறுக்குவதுபோல் மெத்தென்று வந்தால் நட் கழலவில்லை, போல்ட் முறுகுகிறது. அந்த நொடியே நிறுத்த வேண்டும். இன்னும் கால் சுற்று இழுத்தால் அறுந்துவிடும்.

பைப் போடலாமா என்றால், கணக்கைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 10 கிலோ விசையில் இழுத்தால் நட்டில் விழுவது 98 நியூட்டன் மீட்டர் (திருப்பு விசையின் அளவு). எம் 10, 8.8 போல்ட்டை இறுக்கவே 45 முதல் 50 வரைதான் வேண்டும். அதாவது ஒற்றைக் கையால் சும்மா இழுத்தாலே இரண்டு மடங்கு. எம் 16 போல்ட்டை இறுக்குவது 200-ஐ ஒட்டி இருக்கும். அங்கே பைப் நியாயம். சின்ன போல்ட்டுக்கு நீளப் பைப் போடுவது அதை அறுப்பதற்குச் சமம். நீள இழுப்பைவிட, ஸ்பேனரின் கைப்பிடி நுனியில் சுத்தியலால் கொடுக்கும் குட்டிக் குட்டி அடி துருவை நன்றாக உடைக்கும்.

சூடு

மேலே சொன்னதெல்லாம் செய்தும் அசையவில்லை என்றால் கேஸ் வெல்டிங் தீதான் அடுத்தது. இரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு 12 மைக்ரான் அளவில் விரியும். 20 மி.மீ. நட்டை 300 டிகிரி ஏற்றினால் விட்டம் ஏறத்தாழ 0.07 மி.மீ. கூடும். கேட்பதற்கு ஒன்றுமில்லை, மரைக்குள் அது பெரிய வழி. ஆனால் நட் மட்டும் சூடாக வேண்டும், போல்ட் குளிர்ந்தே இருக்க வேண்டும். அதனால் சின்ன முனையில் கூர்மையான தீயை நட்டின் பக்கங்களில் மட்டும் வேகமாகச் சுற்றிக் காட்டி உடனே எடுத்துவிடுங்கள். நேரம் எடுத்துச் சூடேற்றினால் இரண்டும் சேர்ந்து விரியும், பலன் இல்லை. சூடான நட்டின் ஓரத்தில் மெழுகுவத்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இழுத்துக்கொள்ளும். பலமுறை இதுவே வேலையை முடித்துவிடும். பச்சைத் தண்ணீரை ஊற்றிக் குளிரவைக்க வேண்டாம், உயர் தர போல்ட் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். சிவப்பாகச் சூடேறிய போல்ட், நட் எதையும் திருப்பி மாட்டக் கூடாது. அதன் பலம் போய்விட்டது.

சிவப்பு லாக்டைட் (மரையைப் பூட்டும் பசை) போட்டு இறுக்கிய நட் இருந்தாலும் சூடுதான் வழி. 250 டிகிரியை ஒட்டித்தான் அது இளகும்.

எங்கே தீ காட்டக் கூடாது என்பது அதைவிட முக்கியம். டயர் மாட்டியிருக்கும் சக்கரத்தின் நட்டுக்கோ ரிம்முக்கோ தீயோ வெல்டிங்கோ கூடவே கூடாது. உள்ளே ரப்பர் கருகி ஆவியாகி டயர் வெடிக்கும். டிராக்டர் பின் டயர் வெடித்தால் பக்கத்தில் இருப்பவர் பிழைப்பது அரிது. காற்றை இறக்கிவிட்டோம், டயருக்குள் தண்ணீர்தானே இருக்கிறது என்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. டயரைக் கழற்றி எடுத்தபின்தான். ஷாக் அப்சார்பர் பக்கத்தில் வேண்டாம். பினியன் நட்டில் வேண்டாம், அதற்குப் பின்னாலேயே ஆயில் சீலும் பேரிங்கும் இருக்கின்றன. பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ காட்டினால் சில கிளீனர்களிலிருந்து விஷப்புகை வரும். முலாம் பூசிய வெள்ளை நட்டிலிருந்து வரும் புகையையும் மூச்சில் இழுக்காதீர்கள். எண்ணெய் ஊறிய துணியை முதலில் அகற்றிவிடுங்கள். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் வேலை என்றால் சுற்றிலும் வைக்கோல் இல்லாத இடமாகப் பார்த்து, ஒரு வாளித் தண்ணீரும் ஒரு ஈரச் சாக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மூலை மழுங்கிவிட்டால்

மழுங்கிய நட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். நட்டும் போல்ட்டும் மலிவு, ஃபிளேஞ்ச் மலிவு இல்லை. எதைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் அறுப்பதற்குத் தயக்கம் வராது.

கிரைண்டரில் மெல்லிய கட்டிங் வீல் போட்டு, நட்டின் ஒரு பக்கத்தை போல்ட்டுக்கு இணையாக, மரை தெரிவதற்குச் சற்று முன்வரை அறுங்கள். பிறகு அந்த வெட்டில் உளியை வைத்து ஒரு அடி. நட் வாய் பிளந்துவிடும், கையாலேயே வரும். இடம் குறைவாக இருந்தால் நட் ஸ்ப்ளிட்டர் (நட்டைப் பிளக்கும் கருவி). மழுங்கிய நட்டின் மேல் பெரிய நட் ஒன்றை வைத்து உள்ளே வெல்டு வைப்பதும் நல்ல வழி. வெல்டின் சூடே பாதி வேலையைச் செய்யும். அப்போது பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றிவிடுங்கள், எர்த் கிளாம்பை அதே ஃபிளேஞ்சில் போடுங்கள். சேஸிஸில் போட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதன் உருளையில் புள்ளி விழும்.

ஸ்டட் உள்ளே அறுந்துவிட்டால், நடுவில் பஞ்ச் குத்தி, 3 மி.மீ. டிரில்லில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றுங்கள். எம் 10, 1.5 மி.மீ. இடைவெளியுள்ள மரைக்கு 8.5 மி.மீ. வரைதான் போகலாம். ஈஸி அவுட்டை (அறுந்த ஸ்டட்டைக் கவ்வி எடுக்கும் கருவி) அளவுக்கு மீறி முறுக்கினால் அது உள்ளேயே உடையும்; அந்த எஃகை டிரில் தொடாது. சந்தேகம் வந்தால் அந்த இடத்திலேயே விட்டு லேத் பட்டறைக்குக் கொண்டுபோவதுதான் புத்தி.

பினியன் நட் வேறு வகை

டிஃபரன்ஷியல் சீல் ஒழுகுகிறது என்று பினியன் நட்டைக் கழற்றும்போது மேலே சொன்னதோடு இன்னொன்றும் சேரும். பல வண்டிகளில் அந்த நட் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் நசுங்கும் ஸ்லீவை அழுத்திக்கொண்டிருக்கும். பேரிங்கின் இறுக்கமே அந்த நட்டின் நிலையில்தான் இருக்கிறது. கழற்றும் முன் நட், தண்டு, ஃபிளேஞ்ச் மூன்றுக்கும் சேர்த்துக் குறி போட்டு, வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். சீல் மட்டும் மாற்றினால் அதே குறிக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஏர் கன்னால் இறுக்கவே கூடாது. ஒருமுறை அளவு தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. ஸ்லீவ் புதிதாகப் போட வேண்டும். அப்படியே விட்டால் பேரிங் சூடேறிச் சீக்கிரமே ஊளையிடும்.

திருப்பி மாட்டும்போது

ஃபிளேஞ்ச் முகத்தைத் துரு போகத் தேய்த்து, பெயின்ட் குறியைச் சேர்த்து, புது போல்ட், புது நட். பழைய எண் 10.9 என்றால் புதிதும் 10.9. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எண் இல்லாத போல்ட்டைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். முன்பக்க ஃபிளேஞ்சில் அது அறுந்து ஷாஃப்டின் முன்முனை ரோட்டில் குத்தினால் ஓடுகிற வண்டியே தூக்கி எறியப்படும். நைலாக் நட் ஒருமுறைக்குத்தான். கையால் நாலையும் ஏற்றிவிட்டு, எதிரெதிராக, கம்பெனி புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். மரையில் செம்பு கலந்த ஆன்டி-சீஸ் (மரை இறுகாமல் தடுக்கும் பசை) தடவினால் அடுத்த முறை எளிதாகக் கழலும். ஆனால் வழுக்கலால் அதே அளவிலும் போல்ட் அதிகம் இழுபடும், அதனால் கால் பங்கு வரை குறைத்து இறுக்க வேண்டும். சக்கர நட்டில் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

சேற்று வேலை முடிந்த அன்றே அடிப்பாகத்தை அலசிவிட்டால் பாதித் துரு வராது. கடலோர ஊர்களில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும் இடங்கள் உண்டு. அங்கே வாய்க்கால் தண்ணீரோ மழைத்தண்ணீரோ நல்லது. பிரஷர் வாட்டரைக் கிராஸ் சீலுக்கு நேராக அடிக்காதீர்கள், கிரீஸ் வெளியேறித் தண்ணீர் உள்ளே போகும். அலசியபின் கிரீஸ் நிப்பிளில் பழைய கிரீஸ் வெளியே தள்ளப்படும்வரை அடிக்க வேண்டும். நாலு நட்டின் மேலும் வெளியே தெரியும் மரையின் மேலும் கிரீஸைக் கையால் பூசிவிடுங்கள். சம்பா அறுவடை முடிந்து பங்குனி, சித்திரையில் வண்டி சும்மா நிற்கும் நாட்களில் இந்த நட்டுகளை ஒருமுறை கழற்றி மாட்டி வைத்தால், குறுவை உழவின் நடுவில் இந்த வேலை வந்து நிற்காது.